பதினோராம் எண் தட்டும் என் குழம்பும்

முகம் தெரியாத ஆட்களின் கண்ணுக்குத் தினமும் தீனி போடுவதுதான் என் பெரியம்மாவுக்கு வேலை. பெயர் எபிசாவா சுமியே. கோபே துறைமுகத்துக்கு எதிரே கடலைத் தூர்த்துக் கட்டிய தீவில், ஓட்டுநர் இல்லாத ரயிலில் போய் இறங்கினால், ஒரு சாம்பல் நிறக் கட்டடத்தின் நான்காவது மாடியில் இருப்பாள். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, இரட்டைக் கையுறை. கண் மட்டும் தெரியும். அந்தக் கண்ணும் முறைத்துக்கொண்டிருக்கும்.

தீனி என்றால் ரோஜா நிறத்தில் ஒரு சாறு. தட்டில் இருக்கும் செல்கள் அதைக் குடித்துவிட்டுக் கழிவை அதிலேயே விடும். பழைய சாற்றை உறிஞ்சி எடுத்துப் புதுச் சாறு விட வேண்டும். செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, புத்தாண்டு தெரியாது. அதனால் பெரியம்மாவுக்கும் தெரியாது. ஒன்பது வருஷமாகப் புத்தாண்டுக்கு அவள் பிறந்த ஊரான மித்தோவுக்கு வரவில்லை. "அக்காவுக்கு நம்மள விட அந்தச் செல்லுங்க பெருசாப் போச்சு" என்று அம்மா ஒவ்வொரு வருஷமும் மூக்கைச் சிந்துவாள்.

மித்தோதான் எனக்கும் ஊர். பத்தாம் வகுப்பின் பாதியில் நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். அதற்கு முன்னால் பள்ளியின் நாற்பத்தோரு கடிகாரங்களையும் பன்னிரண்டு நிமிஷம் முன்னால் தள்ளி வைத்திருந்தேன் என்பது வேறு விஷயம். வீட்டில் சும்மா படுத்துக் கிடந்தவளை அம்மா அக்டோபரில் கோபேவுக்கு ரயிலேற்றினாள். தபால் வழியில் படிப்பு, பெரியம்மா வீட்டில் சோறு என்று ஏற்பாடு.

பெரியம்மா படித்தவள் என்று நினைத்துவிட வேண்டாம். பதினான்கு வருஷம் சாப்பாட்டுப் பெட்டி போடும் தொழிற்சாலையில் நின்றவள். ஓடும் பட்டையில் சோற்றுப் பெட்டிகள் வரும். ஒவ்வொரு சோற்றின் நடுவிலும் ஒரே ஒரு உப்பு ஊறிய பிளம் காயை வைக்க வேண்டும். அதுதான் வேலை, பதினான்கு வருஷமும். "நடுவுன்னா நடு. ஒரு நூல் தள்ளி வச்சாலும் எனக்குச் சோறு இறங்காது" என்பாள். கல்யாணம் ஆகி, விட்டுப் போன கணவர் ஒசாகாவில் இருக்கிறார். போகும்போது வளர்த்த கிளியையும் எடுத்துப் போனார். கிளியைப் பற்றி மட்டும் இன்றைக்கும் வருத்தமாகப் பேசுவாள்.

அந்தத் தொழிற்சாலையில்தான் ஒரு நாள் கேரட் சீவும் இயந்திரம் அவளுடைய இடது ஆள்காட்டி விரலின் நுனியை நகத்தோடு சீவிக்கொண்டு போனது. மருத்துவர் அதை மூடிக் கட்டி, பிரித்துப் பார்க்காதே என்றாராம். இரண்டு மாதம் கழித்துப் பிரித்தால் நுனி வளர்ந்திருந்தது. சதை, நகம், ரேகை எல்லாம். ரேகை மட்டும் கொஞ்சம் கோணல்.

"நான் டாக்டரைக் கேட்டேன், நுனி வளருதே, முழு விரல் போனா வளருமான்னு. வளராதுன்னாரு. ஏன்னு கேட்டேன். 'அது தெரிஞ்சா நான் ஏம்மா இங்க உக்காந்து கட்டுப் போட்டுக்கிட்டு இருக்கேன்'னாரு."

பெரியம்மாவுக்கு அந்த விரல்மேல் அன்றிலிருந்து ஒரு மரியாதை. யாரும் சொல்லித் தராமல் தன் வடிவத்தை அது ஞாபகம் வைத்திருந்ததாம். சில வருஷம் கழித்துத் தீவில் ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. நடுங்காத கை, சுத்த உடுப்பில் நின்று பழக்கம், பொறுமை. படிப்பு பற்றிக் கடைசி வரியில்தான் எழுதியிருந்தார்களாம். நாற்பத்து மூன்று வயதில் போய்ச் சேர்ந்தாள்.

நான் வந்த முதல் வாரமே கேட்டேன், தட்டில் என்னதான் வளர்க்கிறாய் என்று. மீன் வறுத்துக்கொண்டே சொன்னாள்.

"கண்ணுக்குப் பின்னாடி ஒரு மெல்லிசுத் தோல் இருக்கு. சில பேருக்கு வயசானா அது செத்துப்போகும். பாக்கற இடத்துல நடுவுல மட்டும் கருப்பா ஓட்டை விழுந்துடும். எதிர்ல நிக்கறவன் காது தெரியும், மூஞ்சி தெரியாது. அந்தத் தோலைப் புதுசாப் பண்றோம்."

"எதை வச்சு?"

"அவங்க ரத்தத்தை வச்சே. ரத்த செல்லை எடுத்து நாலு சாமான் உள்ள போடுவாங்க. அதுக்குத் தான் ரத்தம்ங்கறதே மறந்துபோயிடும். மறந்துட்டா குழந்தை. குழந்தையா ஆயிட்டா எதுவா வேணும்னாலும் ஆகலாம். அப்புறம் நீ கண்ணு, நீ கண்ணுன்னு மெதுவாப் பழக்குவாங்க."

"படிச்சதை மறக்கறதுல நான் அதைவிடக் கெட்டிக்காரி. என்னையும் தட்டுல போடறியா?"

"உன்னைப் போட்டா தட்டு கெட்டுப்போகும். மீனைத் திருப்பு."

பழக்கிப் பழக்கி, அந்தச் செல்கள் தேன்கூடு மாதிரி ஒட்டிக்கொண்டு பழுப்பு நிறமாகுமாம். சோயா சாஸ் ஒரு சொட்டு விழுந்த மாதிரி இருக்கும் என்றாள். ஒரு ஆளின் ரத்தத்திலிருந்து ஒரு தோல் வர பத்து மாதம். பிள்ளை பெறுவதற்குச் சரியாக. அவர்கள் யார் என்று பெரியம்மாவுக்குச் சொல்லமாட்டார்கள். எண் மட்டும்தான். இந்தக் குளிர்காலத்தில் அவள் கையில் இருந்தது பதினோராம் எண்.

வீட்டில் ஒரே ஒரு சட்டம். நத்தோ கூடாது. மித்தோக்காரர்களுக்கு நத்தோ இல்லாமல் காலை விடியாது. சோயாவை வேகவைத்துப் புளிக்க விட்டால் நூல் நூலாக இழுக்கும், மூன்று நாள் துவைக்காத காலுறை மாதிரி வாசனை வரும். அதைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டால்தான் எங்களுக்கு நாள் தொடங்கும். கோபேக்காரர்கள் அதைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார்கள். பெரியம்மாவும் இந்த ஊரோடு சேர்ந்து மாறிவிட்டாள், அந்த வாசனையோடு வேலைக்குப் போக வெட்கப்படுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். "வேலைக்கு ஆகாது" என்று மட்டும் அவள் சொல்லியிருந்தாள். ஏன் என்று நானும் கேட்கவில்லை. நான் கேட்கும் வகை இல்லை.

ஆனால் ஒன்றைப் பார்த்திருந்தேன். சூப்பர் மார்க்கெட்டில் நத்தோ அடுக்கின் முன்னால் ஒவ்வொரு முறையும் நிற்பாள். ஒரு நிமிஷம் போல. ஒன்றை எடுத்து, தேதியைப் பார்த்து, திரும்ப வைப்பாள். பிறகு பக்கத்து அடுக்கில் டோஃபு எடுப்பாள். நான் பார்ப்பது தெரிந்தால், "விலை ஏறிப்போச்சு" என்பாள். வாங்காத பொருளின் விலை இவளுக்கு எதற்கு?

அம்மா அனுப்பிய பெட்டியில் எனக்கு மட்டும் என்று ஒரு பொட்டலம் இருந்தது. உலர்த்திப் பொடித்த நத்தோ. 'பெரியம்மாவுக்குத் தெரியாமல் தின்னு' என்று சீட்டு. அதைக் காலுறைப் பெட்டியில் ஒளித்து வைத்தேன். வாசனையில் யாருக்கும் வித்தியாசம் தெரியாத இடம்.

பிப்ரவரி எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பெரியம்மாவுக்கு ஐம்பத்திரண்டு முடிந்தது. அன்று அவளுக்கு மத்தியானத்துக்கு மேல்தான் வேலை, அதனால் மத்தியானச் சாப்பாட்டை நானே சமைக்கிறேன் என்றேன். ஜப்பானில் எந்தக் கழுதையாலும் கெடுக்க முடியாத ஒரே சமையல் கட்டிக் குழம்புதான். உருளைக்கிழங்கு, வெங்காயம், பன்றி இறைச்சி, கடையில் விற்கும் குழம்புக் கட்டி. அதில் பொடியை இரண்டு கரண்டி போட்டுக் கொதிக்க விட்டேன். மசாலா வாசனையில் நத்தோ அடங்கிப்போனது. சாயங்காலம் அவள் திரும்பி வந்ததும் உண்மையைச் சொல்லி அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். பிறந்தநாள் பரிசு என்று நீட்டினால் எனக்கு வெட்கமாக இருக்கும். ஏமாற்றுவது என்றால் பழக்கம்.

இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

"என்னடி போட்ட? நாக்குல ஏதோ பழைய ஞாபகம் மாதிரி வருது."

"அன்பு."

"அப்ப வயித்தை வலிக்கும்" என்று எழுந்து குளித்தாள். வெளியே போகும்முன் எப்போதும் போல வாசலில் நின்று ஒவ்வொன்றாக விரல் நீட்டி உரக்கச் சொன்னாள். வேலையில் ஒட்டிக்கொண்ட வியாதி அது.

"அடுப்பு, சரி! ஜன்னல், சரி! சாவி, சரி!"

"மூளை, சரி!" என்றேன் நான், எப்போதும் போல.

"அது உனக்கு" என்று கதவைச் சாத்தினாள்.

அரைமணி கழித்துக் குப்பையைப் போடக் கீழே போனேன். முதல் மாடி ஹிகாசா மாமா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாதா பகுதியில் அரிசி மது காய்ச்சும் ஆலையில் வேலை. என் குறும்புகளுக்கு இந்தக் கட்டடத்தில் ஒரே ரசிகர் அவர்தான். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"மாமா, பெரியம்மாவுக்கு நத்தோ ஊட்டிட்டேன். ரெண்டு தட்டு. தெரியவே தெரியல!"

அவர் சிரிக்கவில்லை. துடைத்த துணியைக் கீழே போட்டார்.

"ஏம்புள்ள, அவங்க இப்ப வீட்டுல இருக்காங்களா?"

"வேலைக்குப் போயிட்டா. ஏன்? வாசனையே வராது மாமா, பல்லும் வெளக்கிட்டா."

"வாசனைக்குன்னா நெனச்சே?" என்று அவர் சைக்கிளை விட்டு எழுந்தார். "நாங்க குளிர்காலம் பூரா நத்தோவை ஏன் தொடறதில்லைன்னு தெரியுமா? அதுக்குள்ள ஒரு கிருமி இருக்குது. ஓடு போட்டுக்கிட்டுத் தூங்கும். கொதிக்க வச்சாலும் சாகாது, ஸ்பிரிட்டுல கழுவினாலும் சாகாது. தலைமுடியில, மூச்சுல, நகத்துல தொத்திக்கிட்டு ஆலைக்குள்ள வந்துச்சுன்னா ஒரு தொட்டி பூராப் பிடிச்சுக்கும். எங்களுக்குப் போனா மது போகும். உங்க பெரியம்மாவுக்குப் போனா..."

சோயா சாஸ் சொட்டு மாதிரி ஒரு தோல். பத்து மாதம்.

"மாமா, போன் பண்ணலாமா?"

"உள்ள போன் விடமாட்டாங்கன்னு நீதானே சொன்னே." அவர் தலையைச் சொறிந்தார். பிறகு சைக்கிளைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "ஒண்ணும் ஆகாமலும் போகலாம். நீ என்கிட்டச் சொல்லல, நான் கேக்கல. அப்படியும் வச்சுக்கலாம்."

அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது. குப்பைத் தொட்டி வரைக்கும் அந்த யோசனையோடு நடந்தேன். பையைப் போட்டேன். மூஞ்சி தெரியாமல் காது மட்டும் தெரியும் ஒரு ஆள் ஞாபகம் வந்தார். மேலே ஓடிப்போய்க் காலுறைப் பெட்டியிலிருந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினேன்.

அந்த ரயிலில் ஓட்டுநர் இல்லை என்பதால் சீக்கிரம் போகச் சொல்லித் திட்டவும் ஆள் இல்லை. பாலத்தின் மேல் கடல் அழகாக இருந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

வாசலில் காவலாளி ஒருவர் உட்கார்ந்திருந்தார். பொய் சொல்லித்தான் உள்ளே போக வேண்டும் என்று நினைத்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பொய்யும் வரவில்லை.

"என் பெரியம்மா எபிசாவா சுமியே நாலாவது மாடியில இருக்காங்க. அவங்களுக்கே தெரியாம அவங்களுக்கு நத்தோ குடுத்துட்டேன்."

"நத்தோவா!" காவலாளி எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. அவரே எனக்கு முன்னால் படியேறி ஓடினார். கோபேக்காரர் இல்லையா.

நான்காவது மாடியில் பார்வையாளர்களுக்கு ஒரு நீளக் கண்ணாடி இருந்தது. உள்ளே இரண்டு வெள்ளை உருவம். ஒன்று வடிகட்டிய காற்றடிக்கும் பெட்டிக்குள் கைவிட்டு உட்கார்ந்திருந்தது. மற்றது பக்கத்தில் நின்று பட்டியலைப் படித்தது. அது உஜிஹாரா, பெரியம்மாவோடு ஜோடி சேர்ந்து வேலை செய்யும் இளைஞர். ஒருவர் செய்ய, ஒருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். முறைக்கும் கண்ணை வைத்துப் பெரியம்மாவை அடையாளம் கண்டேன்.

காவலாளி ஒரு நாட்காட்டித் தாளைக் கிழித்துத் தந்தார். பின்பக்கம் தடித்த பேனாவால் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன். 'மத்தியானக் குழம்பில் நத்தோ போட்டேன்.'

பெரியம்மா நிமிர்ந்து படித்தாள். முகமூடிக்குள் பெருமூச்சு விட்டது தோளில் தெரிந்தது. போடி என்று தாடையை ஆட்டிவிட்டு மறுபடி குனிந்தாள். உஜிஹாராவின் கண் சிரித்தது. நான் வந்த நாளிலிருந்து செய்ததையெல்லாம் இவள் அங்கே சொல்லி வைத்திருக்கிறாள். ரப்பர் சிலந்தியை, உப்பு ஜாடியில் சர்க்கரையை, எல்லாவற்றையும்.

கீழே எழுதினேன். 'விளையாட்டு இல்லை.' அவள் பார்க்கவே இல்லை.

கண்ணாடியை இரண்டு கையாலும் தட்டினேன். பொட்டலத்தை எடுத்து, மித்தோ என்று பெரிதாக அச்சடித்த பக்கத்தைக் கண்ணாடியோடு அழுத்தினேன். எனக்கு அழுகை வேறு வந்துவிட்டது. வந்ததே நல்லதாகப் போயிற்று. பொட்டலத்தைவிட அதைப் பார்த்துத்தான் அவள் நம்பியிருக்க வேண்டும்.

பெரியம்மா அந்தப் பெட்டியிலிருந்து கைகளை மெல்ல வெளியே எடுத்தாள். எதையும் தொடாமல் இரண்டையும் மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அப்படியே நின்றாள். துப்பாக்கி நீட்டினால் நிற்பார்களே, அப்படி. பதினோராம் எண் தட்டில் பாதிக்குச் சாறு மாற்றி முடித்திருந்தாள்.

ஒரு மணி நேரத்தில் அவர்களுடைய தலைமை மருத்துவர் மகிதா வந்தார். வீட்டில் போடும் பின்னல் சட்டை, பாதி காய்ந்த தலை. சின்ன அறையில் எங்களை உட்காரவைத்துக் கேட்டார்.

"பொடி எவ்வளவு போட்ட?"

"ரெண்டு கரண்டிங்க."

"கொதிக்க வச்சியா?"

"பத்து நிமிஷம்."

"சுமியே, சாப்பிட்டப்பறம்?"

"குளிச்சேன், தலைக்கும். பல்லு வெளக்கினேன். துணி மாத்தினேன். இங்க வந்து மறுபடி எல்லாம். டாக்டர், வீட்டுச் சாப்பாட்டைப் பாக்காதது என் தப்பு. இவ சின்னப் பொண்ணு."

"எனக்குப் பதினாறு."

"பேசாதே" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

மருத்துவர் நெற்றியைத் தேய்த்தார். "உடுப்பு, காத்து, இதெல்லாம் இருக்கறதே இதுக்குத்தான். பெரும்பாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. ஆனா பெரும்பாலும்னு சொல்லி ஒருத்தர் கண்ணுக்குள்ள வைக்க முடியாது. தட்டைத் தனிப் பெட்டிக்கு மாத்துவோம். சாறுல கொஞ்சம் எடுத்து ரெண்டு பாட்டில் சத்துநீர்ல விட்டுச் சூட்டுல வைப்போம். கிருமி இருந்தா கலங்கும். பதினாலு நாள். கலங்கினா எல்லாத்தையும் கொட்டணும்."

"கொட்டிட்டா அவங்களுக்கு?" என்றேன்.

பெரியம்மாதான் சொன்னாள். "மறுபடி ரத்தம் எடுக்கணும். மறுபடி பத்து மாசம். அதுக்குள்ள இருக்கற கொஞ்சப் பார்வையும் போயிடும். போனப்புறம் வச்சுப் பிரயோஜனம் இல்ல."

அந்தப் பதினான்கு நாளும் அவள் உள்ளே வரக்கூடாது என்றார்கள். பெரியம்மா மூன்று பக்கம் அறிக்கை எழுதிப் பெயர் முத்திரை குத்தினாள். நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். நீ எங்கள் ஆள் இல்லை என்றார் மருத்துவர். கடைசியில் எழும்போது, "குழம்பு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சு டாக்டர்" என்றாள் பெரியம்மா. "அதுதான் வயித்தெரிச்சல்."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காலை ஐந்தரைக்கு எழுந்து, போக இடம் இல்லாமல் சமையலறையில் நிற்பாள். ஒன்பது வருஷத்தில் அவளுக்கு விடுமுறை என்றால் என்ன செய்வது என்பதே மறந்துபோயிருந்தது.

இந்த நாட்டில் பட்டாணித் தளிர் வாங்கினால் மேலே வெட்டிச் சமைத்துவிட்டு வேரைக் குப்பையில் போடமாட்டார்கள். தண்ணீரில் வைத்தால் பத்து நாளில் மறுபடி வளரும். இன்னொரு முறை சமைக்கலாம். ஜன்னலோரம் வெட்டிய வேர்க்கட்டை ஒன்று கிண்ணத்தில் இருந்தது. பெரியம்மா அதற்கு மேல்நாட்டு வைத்தியம் ஆரம்பித்தாள். கை கழுவி, கிண்ணத்தைச் சாய்த்துப் பழைய தண்ணீரை இறுத்து, ஓரமாகப் புதுத் தண்ணீர் விட்டு, விரல் நீட்டி, "தண்ணி, சரி! வேரு, சரி!" சரி சொல்ல ஜோடி இல்லாததால் கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள். மூன்றாம் நாள் நான் பக்கத்தில் போய் நின்று, "சரி!" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். "சத்தம் பத்தல" என்றாள். அவ்வளவுதான் சமாதானம்.

அன்று, அதாவது புதன்கிழமை, மத்தியானம் உஜிஹாராவிடமிருந்து அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது.

'ஒரு பாட்டில் கலங்கிவிட்டது.'

பெரியம்மா போனைத் தரையில் வைத்தாள். பிறகு அவளும் தரையில் உட்கார்ந்தாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் அழவில்லை. கோணல் ரேகை உள்ள அந்த விரலை மற்றக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டு, "மூணு மாசத்துக்கு முன்னாடிதான் நெறம் வந்துச்சு" என்றாள். "மொதல்ல ஒரு மூலையில. அப்புறம் நாளுக்கு நாள் பரவுச்சு. நான் ஒருத்திதான் மொதல்ல பாத்தேன். அந்த ஆளுக்கே தெரியாது."

"பெரியம்மா, நான்..."

"நீ வந்து சொன்ன. சொல்லாம இருந்திருக்கலாம், சொன்ன. அதை நான் மறக்கல. இப்ப ஒண்ணும் பேசாதே."

பதினோரு நிமிஷம் கழித்து இரண்டாவது செய்தி வந்தது.

'அது கலங்க வேண்டிய பாட்டில்தான். சத்துநீர் வேலை செய்கிறதா என்று பார்க்க நாமே கிருமி விட்ட மூன்றாவது பாட்டில். நன்றாகக் கலங்கியிருக்கிறது. நம் இரண்டும் தெளிவாக இருக்கின்றன. ரயிலில் இருந்ததால் பாதியில் அனுப்பிவிட்டேன்.'

பெரியம்மா இரண்டு முறை படித்தாள். பிறகு ஒசாகா போன கணவருக்குக்கூடச் சொல்லாத வார்த்தைகளை உஜிஹாராவின் மூன்று தலைமுறைக்கும் சொன்னாள். "வேணும்னே விடற கிருமி எது தெரியுமா? நத்தோக் கிருமியோட சொந்தக்காரன். அந்தக் கழுதைக்கு அதையாவது மொதல்ல எழுதத் தெரிஞ்சுதா பாரு!" சொல்லிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் நிற்கவில்லை. குறும்பு செய்வதில் நான் உஜிஹாராவிடம் படிக்க வேண்டும். அவர் முயற்சியே செய்யாமல் செய்கிறார்.

அதற்குப் பிறகு நாட்கள் கொஞ்சம் இலகுவாகப் போயின. ஒரு நாள் நான் மெதுவாகச் சொன்னேன், "இப்ப நீ வேலைக்குப் போகல. நத்தோ சாப்பிடலாமே. கீழ கடையில இருக்கு."

"அவங்க தட்டு தெளிஞ்சாத்தான்" என்றாள். விரதம் மாதிரி. தெரியாத ஒரு ஆளுக்காக.

இருபத்து மூன்றாம் தேதி திங்கட்கிழமை காலை, போனை மேசை நடுவில் வைத்து இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். நடு என்றால் சரியாக நடு. அவள்தான் வைத்தாள். ஹிகாசா மாமா ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டு மேலே வந்து வாசலிலேயே நின்றார், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று. பத்து மணி ஏழு நிமிஷத்துக்கு மணி அடித்தது. மகிதா மருத்துவர்.

"சுமியே, ரெண்டு பாட்டிலும் முன்னாடி வச்சிருக்கேன். பின்னாடி செய்தித்தாள் வச்சுப் பாத்தேன். எழுத்து கூட்டிப் படிக்க முடியுது. தண்ணி மாதிரித் தெளிவு. தேதி மாறல, அறுவை சிகிச்சை அன்னைக்கேதான்."

பெரியம்மா எழுந்து நின்று போனுக்கு இடுப்பு வரை குனிந்தாள். போனில் முகம் தெரியாத ஆளுக்கு எதற்குக் கும்பிடு என்று எப்போதும் கேலி செய்வேன். அன்றைக்கு நானும் குனிந்தேன். வாசலில் ஹிகாசா மாமாவும் குனிந்தார், யாருக்கு என்று தெரியாமலே.

"வெள்ளிக்கிழமை வந்தா போதும்" என்றார் மருத்துவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "நம்ம சட்டப்படி நத்தோ சாப்பிட்டா மூணு நாள் உள்ள வரக்கூடாது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. நான் கணக்குதான் சொல்றேன், வேற ஒண்ணும் சொல்லல."

போன் வைத்ததும் பெரியம்மா என்னைப் பார்த்தாள். "செருப்பைப் போடு."

அடுக்கின் முன்னால் இந்த முறை தேதி பார்க்கவில்லை. மூன்று பொட்டலம் எடுத்தாள். வீட்டில் சுடுசோறு வைத்து, கடுகு விழுது சேர்த்து, குச்சியால் நத்தோவைக் கிண்டினாள். அறுபது எழுபது சுற்று. நுரை வந்தது, நூல் வந்தது. ஹிகாசா மாமா, "எனக்கு ஏப்ரல் வரைக்கும் ஆகாது, என் தொட்டியெல்லாம் நிறைஞ்சிருக்கு" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு படியிறங்கி ஓடினார்.

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் வாய். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். பிறந்தநாளன்று பார்க்க நினைத்த முகம். இரண்டு வாரம் தாமதமாகக் கிடைத்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு." இன்னொரு வாய் வைத்தாள். "உன் குழம்பு இதைவிட நல்லா இருந்துச்சுன்னு சொன்னா தலைக்கு ஏறிடும். அதனால சொல்லல." நூலைக் குச்சியில் சுற்றி அறுத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். கடுகு காரம் என்று கண்ணைத் துடைத்தாள். கடுகை நான்தான் அளந்து வைத்தேன், அவ்வளவு காரம் இல்லை.

மார்ச் முதல் வாரத்தில் பதினோராம் எண் கட்டடத்தை விட்டுப் போகும் நாள். அன்று மத்தியானம் பெரியம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள், என் கைக் குழம்பு. பின்னாலேயே நானும் போனேன். காவலாளி எழுந்து கையை விரித்து வழி மறித்தார்.

"இன்னிக்கு என்ன போட்ட?"

"ஒண்ணும் போடல மாமா. தாள் மட்டும் ஒண்ணு குடுங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரியம்மா தட்டைக் கையளவுப் பெட்டிக்குள் இறக்கி மூடிக்கொண்டிருந்தாள். ஒரு நூல் தள்ளாமல், சோற்றின் நடுவில் பிளம் காய் வைப்பது போல. உஜிஹாரா பட்டியலை வாசிக்க, அவள் ஒவ்வொன்றாக விரல் நீட்டினாள். மூடி, சரி. எண், சரி. சூடு, சரி. சத்தம் கேட்கவில்லை, தலையாட்டல் தெரிந்தது. அந்தப் பெட்டி எங்கே போகிறது, அதைக் கண்ணுக்குள் வாங்கிக்கொள்ளும் ஆள் ஆணா பெண்ணா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒட்டிக்கொண்டால் இருக்கும் பார்வையாவது நிற்கும் என்றார்கள். அதற்கு மேல் யாரும் வாக்குத் தரவில்லை.

பெட்டி சுவரில் இருந்த சின்னக் கதவு வழியாக வெளியே போனதும் அவள் நிமிர்ந்தாள். நான் தாளைக் கண்ணாடியில் அழுத்தினேன். 'இன்றைக்குக் குழம்பில் குழம்பு மட்டும்தான்.'

உஜிஹாரா சிரித்தார். பெரியம்மா சிரித்தாளா என்று முகமூடிக்கு மேல் தெரியவில்லை. இரட்டைக் கையுறை போட்ட இடது கையைத் தூக்கி, அந்த வளர்ந்த விரலை என் தாளுக்கு நேராக நீட்டினாள். கண்ணாடியைத் தாண்டி அந்தச் சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது.

"குழம்பு, சரி!"